விரல் ரேகை தேய்ந்திருக்கிறது, விசா கிடைக்குமா?

போன இதழில் காவல் சான்று பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். கணவனோ மனைவியோ வெளிநாட்டில் இருக்கிறார். துணையாகப் போய்ச் சேர விண்ணப்பம் போட்டாயிற்று. விரல் ரேகையும் குற்றப் பின்னணிச் சான்றும் குறுக்கே நிற்கின்றன. நான் 31 வருடம் காவல்துறையின் விரல் ரேகைப் பிரிவில் வேலை பார்த்தவன். என் மகள் மெல்போர்னுக்குப் போனபோது இதே காகிதங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்த மாதப் பக்கங்களை முழுக்க இதற்கே தரும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன். நான் வழக்கறிஞன் இல்லை. எங்கே வழக்கறிஞர் தேவையோ அங்கே அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் கணவர் கனடாவில் பிராம்டனில் லாரி ஓட்டுகிறார். விரல் ரேகை கொடுக்கச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. மையத்துக்குப் போனேன். நான்கைந்து முறை வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. நான் எட்டு வருடமாக வீட்டில் முந்திரி உடைக்கிறேன். "வந்ததை அனுப்புகிறோம், தேவைப்பட்டால் மறுபடி கூப்பிடுவார்கள்" என்றார்கள். வேண்டுமென்றே ரேகையை அழித்துக்கொண்டேன் என்று நினைத்துவிடுவார்களா? விசா போய்விடுமா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: அம்மா, ரேகை தெளிவாக விழவில்லை என்பதற்காக மட்டும் யாரும் உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட மாட்டார்கள். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

கடலூர் மாவட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் முந்திரி உடைக்கும் கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல விரலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் உழுத வயல் மாதிரி வரிசையாக ஓடும். மேட்டின் மேல் வியர்வைத் துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். முந்திரி உடைப்பவரின் இடது கையை எடுத்துக்கொண்டால், கொட்டையைப் பிடிக்கும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் தேய்ந்த நாணயம் போல வழவழவென்று இருக்கும். ஓரத்தில் தோல் கறுத்துச் செதில் செதிலாக உரியும். முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடுகிறது. சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. ஆனால் சுண்டுவிரலும் மோதிர விரலும் பெரும்பாலும் தப்பித்திருக்கும். கட்டையைப் பிடிக்கும் வலது கையிலும் அவ்வளவு சேதம் இருக்காது. உங்கள் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நான் சொல்வது அப்படியே இருக்கும்.

வேண்டுமென்றே அழித்த விரல் வேறு மாதிரி இருக்கும். பத்து விரலிலும் ஒரே அளவுக்குச் சேதம் இருக்கும், அல்லது குறுக்கே வெட்டுத் தழும்பு ஓடும். தொழிலால் தேய்ந்த விரலைப் பழகிய கண் ஒரே பார்வையில் பிரித்துவிடும்.

நல்ல சேதி ஒன்று. ரேகை தோலின் மேற்பரப்பில் மட்டும் இருப்பதல்ல. கருவில் ஆறு மாதம் ஆவதற்குள் உள்தோலில் அச்சு பதிந்துவிடுகிறது. மேல்தோல் போனாலும் கீழே இருக்கும் அச்சிலிருந்து அதே கோடு, அதே இடத்தில் மறுபடி எழும்பி வரும். ஆழமாக வெந்து தழும்பு விழுந்த இடம்தான் திரும்பாது. எனவே இன்றிலிருந்து மூன்று, நான்கு வாரம் முந்திரியைத் தொடாதீர்கள். கூலி போகும் என்று தெரியும். கணவரிடம் சொல்லுங்கள், இந்த ஒரு மாதச் செலவை அவர் பார்த்துக்கொள்ளட்டும். சோப்புத்தூள், ப்ளீச்சிங் பவுடர், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் விரல் நுனியில் படக் கூடாது. இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள். மருதாணி வேண்டாம். எலுமிச்சை தேய், மஞ்சள் கல் தேய் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது இன்னும் கெடுக்கும்.

மறுபடி கூப்பிட்டால், அன்று காலையில் எண்ணெய் வைக்காதீர்கள். விரல் வழுக்கிக் கோடுகள் ஒன்றோடொன்று அப்பிவிடும். வறண்ட விரலும் சரியாகப் பதியாது. நாங்கள் அந்தக் காலத்தில் செய்த எளிய வழி ஒன்று உண்டு. கண்ணாடியில் வைப்பதற்கு முன் விரல் நுனியை நெற்றியில் ஒரு முறை லேசாக ஒற்றிக்கொள்ளச் சொல்வோம். அந்தச் சிறு ஈரமும் பிசுக்கும் போதும். நான்கு விரல், நான்கு விரல், பிறகு இரண்டு கட்டைவிரல் என்று வைக்கச் சொல்வார்கள். பயத்தில் அழுத்திப் பிடிக்காமல் கையைத் தளர்த்தி வையுங்கள்.

இதோடு ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுங்கள். என்ன தொழில், எத்தனை வருடம், எந்தெந்த விரல் தேய்ந்திருக்கிறது என்று எழுதினால் போதும். அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவரிடம் காட்டி ஒரு சீட்டு வாங்கி இணைத்தால் இன்னும் நல்லது. கனடாவுக்கு 14 முதல் 79 வயது வரை உள்ளவர்கள் விரல் ரேகை தர வேண்டும், கட்டணம் 85 கனடிய டாலர். கடிதம் வந்ததிலிருந்து 30 நாளுக்குள் போக வேண்டும் என்பதை நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள். உங்களை வரவழைக்கும் கணவர் கனடாவில் குடியுரிமையோ நிரந்தரமாக வசிக்கும் உரிமையோ (பி.ஆர்.) உள்ளவர் என்பதால் அவர் ரேகை தர வேண்டியதில்லை. உங்கள் ரேகை அங்குள்ள மத்திய காவல்துறைக்குப் போகும். குற்றப் பதிவோ பழைய குடிவரவுப் பதிவோ இருக்கிறதா என்று ஒப்பிடுவார்கள். அவ்வளவுதான் அதன் வேலை.

புற்றுநோய்க்குக் கேப்சிடாபின் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவரை, ரேகையே பதியவில்லை என்று அமெரிக்காவில் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்த கதை 2009-ல் மருத்துவ இதழிலேயே வந்தது. அப்படிப்பட்டவர்கள் மருத்துவரின் கடிதத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: என் மனைவி டொரண்டோவில் இருக்கிறாள். 2022 டிசம்பர் 31 இரவு நண்பர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது போலீஸ் பிடித்து ஊதச் சொன்னார்கள். 2023 பிப்ரவரியில் கோர்ட்டில் 10,000 ரூபாய் கட்டினேன், வண்டியை விட்டார்கள். இப்போது பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கிய காவல் சான்றில் எதுவும் இல்லை, சுத்தமாக வந்திருக்கிறது. படிவத்தில் குற்றம் பற்றிக் கேட்கிறார்கள். "அது வெறும் ஃபைன்தானே, இல்லை என்று போடு" என்கிறான் நண்பன். மனைவிக்கு இது தெரியாது.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, நண்பன் சொன்னதைக் கேட்காதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது, ஏனென்றால் உன் நிலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நம் ஊரில் இதை ஃபைன் என்கிறோம். சிக்னல் தாண்டியதற்குக் கட்டுவது போல நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் நீ நீதிபதி முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறாய். அந்தப் பிரிவில் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. உனக்கு அபராதத்தோடு முடிந்தது. ஆனாலும் அது தண்டனைதான்.

கனடா அதிகாரி நம் சட்டத்தில் என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று மட்டும் பார்ப்பதில்லை. இதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் அங்கே அதிகபட்சம் என்ன தண்டனை என்று பார்ப்பார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனையை 2018 டிசம்பர் 18 முதல் அங்கே 10 வருடமாக உயர்த்திவிட்டார்கள். 10 வருடம் என்ற கோட்டைத் தொட்டால் அவர்கள் குடிவரவுச் சட்டம் 36-ஆம் பிரிவில் அது கடுமையான குற்றம். நம் ஊரில் பத்தாயிரத்தோடு முடிந்தது அங்கே இப்படிப் போய் நிற்கிறது. நீ பிடிபட்டது 2022-ல் என்பதால் இந்தக் கணக்கு உனக்கும் வரும்.

இதில் உனக்கு ஒரு வழி இருக்கலாம். இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் அந்த அளவு 80. அன்றிரவு கருவி உனக்கு என்ன எண் காட்டியது? அந்தச் சீட்டு சின்னத் துண்டாக, மை மங்கிப்போய் எங்காவது கிடக்கும். வண்டியின் ஆர்.சி. புத்தகம் வைக்கும் உறையில் தேடிப் பார். கிடைக்காவிட்டால் கோர்ட்டில் வழக்குக் கட்டுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடு. எண் 30-க்கும் 80-க்கும் நடுவில் இருந்தால், அங்கே குற்றமாகாத ஒன்றுக்குத்தான் இங்கே தண்டனை கிடைத்தது என்று வாதாட இடம் உண்டு. வண்டி தள்ளாடியது, விபத்து நடந்தது என்று பதிவில் எதுவும் இருந்தால் அந்த வாதம் நிற்காது, ஏனென்றால் போதையில் நிதானம் இழந்து ஓட்டுவதே அங்கே தனிக் குற்றம்.

எண் 80 அல்லது அதற்கு மேல் என்றால், தண்டனை முடிந்து ஐந்து வருடம் கழித்துத்தான் திருந்திவிட்டதாக ஏற்கச் சொல்லி மனுப் போட முடியும். உன் விஷயத்தில் தண்டனை முடிந்த நாள், நீ அபராதம் கட்டிய நாள். அதாவது 2028 பிப்ரவரி. அந்த ரசீது உனக்குத் தங்கம், பத்திரமாக எடுத்து வை. அதற்கு முன் போயாக வேண்டும் என்றால் தற்காலிக அனுமதி கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. இந்த இடத்தில் கனடா வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்து ஆலோசனை கேள். வழக்கறிஞர் இல்லாமல் குடிவரவு ஆலோசகரிடம் போவதாக இருந்தால், அங்குள்ள ஆலோசகர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள். ஊரில் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் ஏஜென்ட் வேண்டவே வேண்டாம்.

சான்று ஏன் சுத்தமாக வந்தது? பாஸ்போர்ட் அலுவலகம் பெரும்பாலும் உன் முகவரிக்குரிய காவல் நிலையத்தின் பதிலை வைத்துத்தான் சான்று கொடுக்கிறது. வேறு எல்லையில், போக்குவரத்துக் காவலர் போட்ட வழக்கு அதில் விழாமல் போகலாம். அதனால் நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. படிவத்தில் கேட்பது சான்றில் என்ன இருக்கிறது என்றல்ல, உனக்கு எப்போதாவது தண்டனை கிடைத்திருக்கிறதா என்று. "இல்லை" என்று எழுதி, பிறகு தெரியவந்தால் அதே குடிவரவுச் சட்டம் 40-ஆம் பிரிவில் ஐந்து வருடம் கதவை அடைத்துவிடுவார்கள். குடிபோதை வழக்குக்காவது மனுப் போட வழி இருக்கிறது; பொய்க்குப் பெரும்பாலும் அந்த ஐந்து வருடத்தைக் கழித்தே ஆக வேண்டும். போய்ச் சேர்ந்து நிரந்தரமாக வசிக்கும் உரிமை வாங்கிய பிறகு தெரியவந்தாலும் அதைப் பறிக்க முடியும்.

கடைசியாக, இன்று ராத்திரியே மனைவிக்குப் போன் செய்து சொல்லிவிடு. அவளும் இந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். உனக்காகப் பொறுப்பு ஏற்றிருக்கிறாள். ஒரு கடிதம் வந்து அவள் தெரிந்துகொள்வதைவிட உன் வாயால் கேட்பது நல்லது. கோபப்படுவாள், இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். இருக்கட்டும்.

கேள்வி: காவல் சான்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாமா? உள்ளூர் ஸ்டேஷனில் எழுதித் தருவது போதுமா?
– வாசகர், குளித்தலை

பதில்: உள்ளூர் ஸ்டேஷன் கடிதம் போதாது. வேலைக்காகத் தமிழ்நாடு காவல்துறை இணையத்தில் தரும் சரிபார்ப்பு அறிக்கையும் இதுவும் வேறு வேறு. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, பாஸ்போர்ட் அலுவலகம் தரும் சான்றுதான் வேண்டும். 2022 செப்டம்பர் முதல் அஞ்சல் அலுவலகப் பாஸ்போர்ட் மையங்களிலும் இதற்கு நேரம் வாங்கலாம், திருச்சி வரை அலைய வேண்டியிருக்காது. ரொம்ப முன்னால் வாங்காதீர்கள். கனடாவுக்கு, நீங்கள் இப்போது குடியிருக்கும் நாட்டின் சான்று விண்ணப்பம் போடும் நாளுக்கு ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியா 12 மாதம் வரை ஏற்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் இப்போது இருக்கும் முகவரியும் வேறாக இருந்தால் விசாரணைக்கு நாள் பிடிக்கும். என் மகளுக்கு விசாரணைக் காகிதம் நாங்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய வீட்டுக்குப் போய், "ஆள் இல்லை" என்று திரும்பிவிட்டது. ஐந்து வாரம் வீணாயிற்று.

கேள்வி: 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக எங்கள் ஊரில் சாலை மறியல் செய்தோம். 40 பேர் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், அதில் என் பெயரும் உண்டு. மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிட்டார்கள். என் மனைவி சிட்னியில் நர்ஸ். காவல் சான்று கேட்டால் "வழக்கு நிலுவை" என்று நிறுத்திவிட்டார்கள். அரசாங்கம்தான் எல்லா வழக்கையும் வாபஸ் வாங்கிவிட்டதே?
– வாசகர், தேவகோட்டைப் பக்கம்

பதில்: வாபஸ் என்று அறிவித்தது உண்மைதான். 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னார். காவலரைத் தாக்கியது, தீ வைத்தது போன்ற வழக்குகள் மட்டும் அதில் சேராது. ஆனால் அறிவிப்போடு வழக்கு முடிந்துவிடாது. அரசு வழக்கறிஞர் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 321-ஆம் பிரிவில் (புதிய சட்டத்தில் 360) மனுப் போட்டு, நீதிபதி அனுமதித்து உத்தரவு போட வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் அந்தக் கட்டு யார் மேசையிலாவது தங்கியிருக்கலாம். அல்லது கோர்ட்டில் முடிந்தும் ஸ்டேஷன் கணினியில் ஏற்றாமல் இருக்கலாம். எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

எஃப்.ஐ.ஆர். எண்ணும் வருடமும் தெரிந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் அதன் நிலையைப் பார்க்கலாம். கோர்ட்டுக்குப் போயிருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். குறியீடு ஒன்று இருக்கும். உத்தரவு ஆகியிருந்தால் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட பிரதி வாங்குங்கள். அதை நேரில் கொண்டுபோய் ஸ்டேஷன் எழுத்தரிடம் கொடுத்து, பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

குற்றப்பத்திரிகையே போடாமல் அப்படியே கிடந்தால் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம். மறியல் வழக்கில் அப்போது வழக்கமாக எழுதியது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதமாகக் கூடியது), 341 (வழிமறித்தது), 188 (அரசு அதிகாரியின் உத்தரவை மீறியது) ஆகிய பிரிவுகள். 143-க்கு அதிகபட்சம் ஆறு மாதம், 341-க்கு ஒரு மாதம். ஒரு வருடத்துக்குள் அடங்கும் குற்றம் எதையும் ஒரு வருடம் தாண்டிய பிறகு கோர்ட் விசாரணைக்கு எடுக்க முடியாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468-ஆம் பிரிவு சொல்கிறது. 188-ஐ வைத்துப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் வைத்து ரத்து கேட்டால் நியாயம் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. உங்கள் எஃப்.ஐ.ஆரில் வேறு பிரிவு ஏதும் சேர்த்திருக்கிறார்களா என்று வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஆஸ்திரேலியப் படிவத்தில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாக, நிதானமாகப் படியுங்கள். தண்டனை பெற்றிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. அதில் பதிவிலிருந்து பின்னால் நீக்கப்பட்ட தண்டனையும் சேரும். விசாரணைக்குக் காத்திருக்கும் குற்றச்சாட்டு இருக்கிறதா என்று இன்னொரு கேள்வி. உங்களுக்குத் தண்டனை இல்லை. வழக்கு முடிந்த பிறகு நிலுவையும் இல்லை. இரண்டுக்கும் "இல்லை" என்பது அப்போது உண்மையாகிவிடும். அப்படியிருந்தும் என்ன நடந்தது, எந்தத் தேதி, எப்படி முடிந்தது என்று அரைப் பக்கம் எழுதி, உத்தரவின் நகலையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துவிடுங்கள். காளைக்காகச் சாலையில் உட்கார்ந்ததை மறைக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: 2011 முதல் 2015 வரை சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். இப்போது கனடாவில் மனைவி இருக்கும் மார்க்கம் நகருக்குப் போக வேண்டும். சிங்கப்பூர்ச் சான்றும் கேட்கிறார்கள். அங்கே போகாமல் வாங்க முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முடியும். ஒரு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அந்த நாட்டுச் சான்றையும் கனடா கேட்கலாம், அதனால் உங்களிடம் கேட்பது முறைதான். சிங்கப்பூர்க் காவல்துறைக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக்காரருக்குச் சும்மா தர மாட்டார்கள். கனடா கேட்டதற்கான கடிதத்தையோ ஆவணப் பட்டியலையோ இணைக்க வேண்டும். பழைய வொர்க் பெர்மிட் அட்டையில் ஃபின் எண் (வெளிநாட்டவருக்கு அங்கே தரும் அடையாள எண்) இருக்கும், அதைத் தேடி எடுங்கள்.

அவர்களுக்குப் பத்து விரலின் ரேகையும் மையில் எடுத்த தாள் வேண்டும். சென்னையில் உள்ள சிங்கப்பூர்த் துணைத் தூதரகத்திலோ, பயிற்சி பெற்ற ஆள் இருக்கும் காவல் அலுவலகத்திலோ எடுக்கலாம். எடுத்தவரின் கையெழுத்தும் முத்திரையும் தாளில் இருக்க வேண்டும். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேருடைய தாள் திரும்பி வருவது இங்கேதான்.

கண்ணாடித் தட்டில் ஒரு பயறு அளவு மையை வைத்து, உருளையால் தட்டு முழுக்க மெல்லிசாக இழுக்க வேண்டும். தட்டின் நிறம் மையினூடே லேசாகத் தெரிய வேண்டும். கறுகறுவென்று இருந்தால் மை அதிகம். அது பள்ளத்தில் இறங்கித் தாளில் வெறும் கறுப்புப் பொட்டாக விழும். நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலை ஒரே ஓட்டமாக உருட்ட வேண்டும். நடுவில் நின்றால் கோடு இரட்டையாகும். கட்டைவிரலை உடம்பை நோக்கியும் மற்ற விரல்களை வெளிப்பக்கமாகவும் உருட்டினால் கை முறுக்காமல் இருக்கும். நீங்கள் உதவி செய்வதாக நினைத்து நீங்களாக உருட்டாதீர்கள். கையை அவரிடம் விட்டுவிட்டு எதிர்ச் சுவரைப் பாருங்கள். கீழே நான்கு விரலையும் சேர்த்து வைக்கும் கட்டம் எதற்கு என்றால், மேலே உருட்டிய விரல்கள் வரிசை மாறாமல் விழுந்திருக்கிறதா என்று சரிபார்க்க. ஜோசியர் சங்கு, சக்கரம் என்று சொல்கிறாரே, அந்தச் சக்கரத்தின் நடுவும், சக்கரத்துக்கு இரு பக்கமும் கோடுகள் மூன்றாகப் பிரியும் இடமும் தாளில் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரிகிறதா என்று அங்கேயே பாருங்கள். இல்லை என்றால் அப்போதே இன்னொரு தாளில் எடுக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாள் மூன்று கையில் கொண்டுபோங்கள். வெல்டிங் பொறி பட்ட தழும்பு இருந்தால் பரவாயில்லை, தழும்பும் ஓர் அடையாளம்தான்.

கேள்வி: என் மகளுக்கு மெல்போர்னில் இருக்கும் பையனைப் பேசியிருக்கிறோம். எங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் இந்த விசாரணையெல்லாமா? அந்தப் பையன் மேல் ஏதாவது கேஸ் இருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டால் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று அவள் அப்பா பயப்படுகிறார்.
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. இதை இன்னும் நிறையத் தாய்மார்கள் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2016 நவம்பர் 18 முதல் துணை விசாவுக்கு வரவழைக்கிறவரும் தன் காவல் சான்றைத் தர வேண்டும். அவர் மேல் அடிதடி, பாலியல் குற்றம், பின்தொடர்ந்து மிரட்டியது, நெருங்கக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவை மீறியது, ஆயுதம், ஆள் கடத்தல், கட்டாயத் திருமணம் போன்றவற்றில் தண்டனை இருந்தால், குடிவரவுத் துறை அதை விசா கேட்கும் பெண்ணுக்குத் தெரிவிக்கலாம். அதற்குச் சம்மதம் தந்த பிறகுதான் அவர் மனுவையே எடுத்துக்கொள்வார்கள். இந்த வகைக் குற்றங்களில் மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர் என்றால் விசாவையே மறுக்கலாம். குடித்துவிட்டுக் கார் ஓட்டியது, பண மோசடி எல்லாம் இந்தப் பட்டியலில் வராது. அவற்றை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கனடாவிலும் குடும்பத்தாரை அடித்துக் காயப்படுத்தியதற்காகவோ பாலியல் குற்றத்துக்காகவோ தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்து வருடம் ஆகும் வரை மனைவியை வரவழைக்க முடியாது.

ஆனால் இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு, விண்ணப்பம் போட்ட பிறகு வரும் செய்தி. உங்களுக்குத் தாலி ஏறுவதற்கு முன்னால் தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி பையனிடமே கேட்பதுதான். ஆஸ்திரேலிய மத்திய காவல்துறையிடம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் தன்னைப் பற்றிய சான்றை வாங்கலாம். குடிவரவுக்கு என்று 33-ஆம் எண் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படியும் விசாவுக்கு அவர் இதை எடுத்தே ஆக வேண்டும். "தம்பி, விசாவுக்குத் தேவையான காகிதங்களை இப்போதே சேர்க்க ஆரம்பித்துவிடலாம், எங்கள் பக்கம் காவல் சான்று எடுக்கிறோம், நீங்களும் எடுத்து ஒரு பிரதி அனுப்புங்கள்" என்று மகளின் அப்பா சொல்லட்டும். அதில் அவமானப்பட ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும் எடுப்பதுதானே.

நான் அப்படித்தான் கேட்டேன். கேட்பதற்கு முன் மூன்று நாள் தூக்கம் வரவில்லை. என் மனைவி, "போலீஸ்காரன் புத்தியைக் காட்டிவிட்டீர்கள் என்று சொல்லப்போகிறார்கள்" என்றாள். மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு வாரத்தில் சான்றைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "மாமா, என் மேல் கேஸ் இல்லை, ஆனால் அதிவேகத்துக்கு இரண்டு முறை ஃபைன் கட்டியிருக்கிறேன், அது இதில் வராது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்" என்று எழுதியிருந்தார். அந்தச் செய்தியை இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

பையன் மழுப்பினால், தேதி தள்ளிக்கொண்டே போனால், "என்னை நம்பவில்லையா" என்று கோபப்பட்டால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். நிச்சயம் எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் ஒரு மாதமாவது இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.